கண்மாய் நிலத்தைப் படமும் கட்டுரையுமாகப் பதிவு செய்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரைக்குக் கிழக்கே மேலூரில் தொடங்கி, திருப்பத்தூர், சிவகங்கை வழியாக இராமநாதபுரம் கடற்கரை வரை சரிந்து செல்லும் நிலம், பாண்டியர் காலத்திலிருந்தே மழைநீரைத் தேக்கி உழவு செய்த நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே கிடையாது. வைகையும் வருசநாட்டு மலைகளில் பிறந்து, வழியெங்கும் கால்வாய்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்த்துவிடும். எனவே சரிவுக்குக் குறுக்கே மண்கரை எழுப்பி, ஒரு கண்மாய் நிறைந்து வழியும் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி தொடர்தொடராக அமைத்தார்கள். தமிழ்நாட்டில் இன்றும் ஏரிகளும் கண்மாய்களுமாக ஏறத்தாழ 39,000 நீர்நிலைகள் கணக்கில் உள்ளன.

இந்த நிலத்தைப் படமெடுப்போர் பெரும்பாலும் கரையில் நின்று, நீர்ப்பரப்பையும் பனைமரத்தையும் மறையும் கதிரவனையும் ஒரே சட்டகத்தில் அடக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படம் அழகாகவே இருக்கும். ஆனால் நீர் எங்கிருந்து வந்தது, யார் திறந்துவிட்டார், எந்த வயலுக்கு எப்போது போனது என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் அது விடை தராது. கண்மாய் ஒரு காட்சி மட்டுமன்று. அது ஓர் ஏற்பாடு. நீர் போகும் வழியிலேயே நடந்து, அந்த வரிசையிலேயே படமெடுத்து, அந்த வரிசையிலேயே எழுதினால்தான் அந்த ஏற்பாடு பதிவில் பிடிபடும். இவ்வழிகாட்டியின் எல்லாப் படிகளும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

முதற்படி: எல்லையை நீரைக் கொண்டு வகுத்தல்

மாவட்டம், வட்டம், ஊராட்சி என்ற நிருவாக எல்லைகளைக் கொண்டு பதிவைத் திட்டமிட வேண்டாம். ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே நீர் தரும் கண்மாய் ஒன்றையும், அதன் மறுகால் நீர், அதாவது நிறைந்து வழியும் மிகைநீர், சென்று சேரும் கீழ்க்கண்மாய் ஒன்றையும் சேர்த்தால் மூன்று கண்மாய்களும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் கொண்ட ஒரு சிறு தொடர் கிடைக்கும். தனியாள் ஒருவர் ஓராண்டில் ஒழுங்காகச் செய்து முடிக்கக்கூடிய அளவு அதுதான்.

இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் போன்ற பெருங்கண்மாயை முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ளும் ஆசை பலருக்கும் உண்டு. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊர் வழக்கு அதைச் சொல்கிறது. ஒரே மூச்சில் நாரை பறந்து கடக்க முடியாத நீளம், வயலுக்கு நீர் திறந்துவிடும் நாற்பத்தெட்டு மடைகள். அந்தத் தொடரே ஒரு பணித்திட்டத்தையும் தந்துவிடுகிறது: ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை ஒவ்வொரு மடையையும் தேடிப்போய், அதன் பெயரையும் இன்றைய நிலையையும் அது பாயும் வயலையும் குறிப்பது. அருமையான திட்டம்தான், ஆனால் ஒரு குழுவுக்கு உரியது. தனியாகச் செய்வோர் மூன்று அல்லது நான்கு மடைகள் கொண்ட சிற்றூர்க் கண்மாயில் தொடங்குவதே நல்லது.

இரண்டாம் படி: களத்துக்கு முன் தாள்கள்

களத்துக்குப் போகும் முன் தாள்களைப் பார்த்துவிட்டால், களத்தில் எதைத் தேடுவது என்பது தெரிந்துவிடும். முதலில் தேவைப்படுவது கிராம வரைபடமும் ‘அ’ பதிவேடும். வரைபடத்தில் கண்மாய், அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், பாசன வாய்க்கால் ஆகியவை புல (சர்வே) எண்ணுடன் குறிக்கப்பட்டிருக்கும். பதிவேட்டில் அந்தப் புல எண்ணின் பரப்பும் அது எவ்வகைப் புறம்போக்கு என்பதும் இருக்கும். வரைபடத்தில் வாய்க்கால் என்று இருக்கும் இடத்தில் இன்று தெருவோ தோப்போ இருந்தால், அந்த வேறுபாடே பதிவின் ஒரு பகுதி. எந்தப் புலத்தில் எந்த ஆண்டு என்ன பயிர் இருந்தது என்பதை அடங்கல் காட்டும்.

பழைய வருவாய்க் கணக்குகளைப் புரட்டுவோர் பசலி ஆண்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பசலி ஜூலை முதல் நாளில் பிறந்து ஜூன் இறுதியில் முடியும். பசலி எண்ணுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. இந்தப் பகுதியின் பயிர்ச்சாகுபடி ஆண்டின் இரண்டாம் பாதியில் தொடங்கி அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் முடிவதால், ‘2024-ஆம் ஆண்டு விளைச்சல்’ என்று பொதுப்படையாக எழுதுவதைவிடப் பசலி ஆண்டைக் குறிப்பிடுவதே துல்லியமானது.

எந்த அலுவலகத்தை அணுகுவது என்பதிலும் ஒரு விதி உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். மடை எண்ணிக்கை, கரை நீளம், மிகை நீர் வழியும் கலிங்கின் அளவு ஆகிய விவரங்களை இவ்விடங்களில்தான் கேட்க வேண்டும். நேரில் கேட்டுக் கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்து மூலம் கேட்கலாம். கேள்வி குறுகலாக, ஒரு குறிப்பிட்ட கண்மாயைப் பற்றியதாக இருந்தால் விடையும் குறிப்பாக வரும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்கள் தொடர் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இருப்பதால், கண்மாய் எந்த ஆண்டில் நிறைந்தது, சீமைக்கருவேலம் எப்போது உள்வாயில் (நீர் தேங்கும் உட்பகுதியில்) பரவியது என்பதையும் ஓரளவு அறியலாம். அந்தப் படங்களை எடுத்த மாதத்தைக் கவனிக்காமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடக் கூடாது. கார்த்திகைப் படத்தையும் வைகாசிப் படத்தையும் அருகருகே வைத்தால் எந்தக் கண்மாயும் அழிந்துவிட்டது போலத்தான் தோன்றும்.

மூன்றாம் படி: உறுப்புகளைப் பெயரோடு அறிதல்

வரத்துக்கால், உள்வாய், கரை, மடை, கலிங்கு, மறுகால், பாசன வாய்க்கால், ஆயக்கட்டு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப் பெயர் உண்டு. இவற்றுள் மிக நுட்பமானதும் மிக வேகமாக மறைந்து வருவதும் பழைய மடை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வற்றிய கண்மாயின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் இணையாக நிற்பதையும் அவற்றைக் குறுக்குக் கற்கள் இணைத்திருப்பதையும் காணலாம். அதுதான் குமிழித்தூம்பு. தூண்களின் அடியில் கல்லால் ஆன ஒரு தொட்டி மண்ணோடு மண்ணாகப் பதிந்திருக்கும். அதன் மேற்பலகையில் உள்ள வட்டத் துளை நீரோடித்துளை; தெளிந்த நீர் அதன் வழியே இறங்கும். தொட்டியின் கீழ்ப்பக்கத்தில் தரைமட்டத்தை ஒட்டி இருக்கும் சிறு துளைகள் சேறோடித்துளைகள். அடியில் படியும் வண்டலும் கலங்கல் நீரும் அவற்றின் வழியே வெளியேறும். இரண்டும் தொட்டியில் கலந்து, கரையின் அடியில் புதைந்த சுருங்கை வழியாக வாய்க்காலுக்குப் போகும். தூண்களுக்கு இடையே தூக்கி இறக்கும் கோலும் அதன் முனையில் பொருத்திய அடைப்பும் மேல்துளையை மூடித் திறக்கும். நீர் பாயும்போதே வண்டலும் வயலுக்குப் போய்விடுவதால் மடைவாயில் தூர் சேர்வது குறையும். பல இடங்களில் இவற்றின் பக்கத்திலேயே திருகு பொருத்திய இரும்புக் கதவு மடைகள் கட்டப்பட்டுவிட்டன. பழைய தொட்டி சேற்றுக்குள் போய்விட்டால், தூண்கள் மட்டும் காரணம் தெரியாத கற்களாக நிற்கும்.

கலிங்கையும் அப்படியே உற்றுப் பார்க்க வேண்டும். மிகை நீர் வழியும் கல்கட்டுதான் கலிங்கு. அதன் மேல் இடைவெளி விட்டு வரிசையாக நட்ட கற்கள் சில ஊர்களில் இருக்கும். பருவமழையின் இறுதியில் அந்த இடைவெளிகளை மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து, கண்மாயில் இன்னும் சிறிது நீரைத் தேக்குவார்கள். இந்தச் சில அங்குல உயரம் மேல்மடை வயல்காரருக்கு வேண்டிய நீர். ஆனால் அதே உயரம் உள்வாயில் பயிர் வைத்தவரின் வயலை மூழ்கடிக்கும், கீழ்க்கண்மாய்க்காரருக்குப் போக வேண்டிய நீரையும் தடுக்கும். இரண்டு ஊர்களின் நீண்ட வழக்குக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கற்களுக்கு இடையில்தான் கிடைக்கும்.

கரையின் வளைவையும் மறக்க வேண்டாம். பறம்பு நாட்டுக் குளத்தின் கரையை எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிட்டுப் பாடினார் கபிலர். பறம்பு மலை என்று கருதப்படும் பிரான்மலை இதே சிவகங்கைச் சீமையில்தான் இருக்கிறது. மேலூர்ப் பக்கத்துப் பாறைக்குன்று ஒன்றில் ஏறிக் கீழே பார்ப்பவர்க்கு அந்த உவமை அளவெடுத்துச் சொன்னது என்பது விளங்கும்: மூன்று பக்கம் திறந்து, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வளைந்த கரை.

நான்காம் படி: பருவத்தோடு போதல்

ஒரே முறை போய் எடுக்கும் படங்கள் கண்மாயின் ஒரு முகத்தை மட்டுமே காட்டும். குறைந்தது நான்கு பருவங்களில் அதே தொடரை நடந்து முடிக்க வேண்டும்.

சித்திரையும் வைகாசியும் கட்டுமானத்தைப் பதிவு செய்யும் காலம். உள்வாய் வெடித்துக் கிடக்கும். மடைத்தொட்டி, சுருங்கையின் வாய், தூணின் அடிப்பகுதியில் உள்ள எழுத்துகள் அனைத்தும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மதுரை ஏறத்தாழ 10 பாகை வடக்கில் இருப்பதால் சித்திரைத் தொடக்கத்தில் நண்பகல் வெயில் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். நிலக்காட்சிப் படக்காரர் ஒதுங்கி உட்காரும் அந்த நேரம், மடைத்தொட்டிக்குள் அடிமட்டம் வரை வெளிச்சம் இறங்கும் ஒரே நேரம்.

ஆவணி, புரட்டாசியில் இராமநாதபுரம் பக்கம் ஈரமில்லாத மண்ணிலேயே நெல்லைத் தூவி உழும் புழுதி விதைப்பு நடக்கும். மழை வந்த பின் விதைப்பவர்களுக்கு நாள் போதாது. எனவே வானத்தை நம்பி முன்பே விதைத்துவிடுகிறார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையின்போது வரத்துக்காலில் முதல் நீர் வரும் நாளைப் பிடிக்க, ஊரில் ஒருவர் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அந்த உறவு முன்பே ஏற்பட்டிருக்க வேண்டும். தையிலும் மாசியிலும் அறுவடை.

கோடையில் நீர் முழங்கால் அளவுக்குக் குறைந்ததும் மேலூர், சிங்கம்புணரி வட்டாரங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்றூர்ச் சனம் ஊத்தா, கச்சா ஆகிய மீன்பிடி கருவிகளோடும் கூடைகளோடும் ஒருசேர உள்ளே இறங்கும். அந்த ஓட்டத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில், யாரும் இறங்காமல் கரை நெடுகக் காத்திருப்பதை எடுப்பவர் குறைவு. பொதுச் சொத்தை ஊர் எப்படிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது என்பதற்கு அந்தக் காத்திருப்பே சான்று.

ஐந்தாம் படி: படமெடுத்தல்

கருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இப்போதைய நல்ல கைப்பேசி போதும். கேமரா இருந்தால் முழுச்சட்டக அளவில் 35 மிமீ வில்லை ஒன்றும், பறவைகளுக்கு நீண்ட வில்லை ஒன்றும், முக்காலியும் போதும். வண்ணங்களை மிகைப்படுத்தும் தானியங்கி அமைப்புகளை நிறுத்திவிட வேண்டும். நாளை ஒருவர் மண்ணின் நிறத்தையும் நீரின் கலங்கலையும் இந்தப் படத்திலிருந்து அறிய விரும்பலாம்.

ஒவ்வோர் உறுப்பையும் மூன்று தொலைவுகளில் எடுக்க வேண்டும். முதல் படம் அது நிலத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும்: மடை, அதன் பின்னே கரை, அதற்கும் அப்பால் வயல். இரண்டாவது படம் உறுப்பு முழுவதையும், மூன்றாவது ஒரு விவரத்தையும் காட்ட வேண்டும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையாகக் கறுப்பு வெள்ளை பூசிய அளவுகோல் சட்டகத்துக்குள் இருக்கட்டும். அளவுகோல் இல்லாத மடைத்தூண் படத்தில் அது இடுப்புயரமா, இரண்டு ஆள் உயரமா என்பது எடுத்தவருக்கே நாளடைவில் மறந்துவிடும்.

நீர்ப்பரப்பை எடுக்கும்போது துருவமுனைப்பு வடிகட்டி பளபளப்பை நீக்கி, அடியில் உள்ள படிக்கட்டைக் காட்டும். ஆனால் பளபளப்பு போனால் நீர்மட்டம் கரையைத் தொடும் கோடும் மங்கிவிடும். இரண்டுமே தேவை என்பதால் வடிகட்டியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என எடுப்பது நல்லது.

கல்வெட்டைப் படமெடுப்பது தனிக்கலை. நேர் வெளிச்சத்தில் எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து தாழ்ந்து விழும் காலை அல்லது மாலை வெயிலில் வெட்டுகளுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும். வெயில் அமையாத இடத்தில், கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, கைவிளக்கை இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கங்களிலிருந்தும் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து நான்கு படங்கள் எடுத்தால், ஒன்றில் தெரியாத கீற்று மற்றொன்றில் தெரியும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புத் தூள், மாவு, எண்ணெய் பூசும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. அதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. பூசியவர் தாம் படித்த எழுத்தைத்தான் கல்லில் வரைகிறார், அடுத்து வருபவர் கல்லைப் படிக்க முடியாமல் போகிறது. கல்லில் தாளை ஒட்டி மை தடவி மைப்படி எடுப்பதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

பதிவில் நீண்ட காலப் பயன் தருவது நிலைப்புள்ளிப் படம்தான். தொடர் நெடுக ஐந்தாறு இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொரு பருவத்திலும் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே வில்லையில், முடிந்தவரை அதே நேரத்தில் எடுக்க வேண்டும். சட்டகத்தின் ஒரு ஓரத்தில் மடைத்தூணோ கோயில் சுவரோ, அசையாத ஏதோ ஒன்று இருக்கட்டும். மரம் வேண்டாம், மரம் வளரும், வெட்டவும் படும். முதல் படத்தின் அச்சை அடுத்த முறை கையோடு எடுத்துச் சென்று, காட்சியோடு பொருத்திப் பார்த்து நின்றால் ஜிபிஎஸ்ஸில் வரும் சில மீட்டர் பிழையும் சரியாகிவிடும்.

கரையின் பிறை வடிவத்தைச் சமவெளியில் காட்ட ட்ரோன் உதவும். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பசுமை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட தடையற்ற வான்பகுதியில் 400 அடி உயரம் வரை முன்அனுமதியின்றிப் பறக்கவிடலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். மதுரை விமான நிலையமும் உச்சிப்புளியில் உள்ள கடற்படை விமான தளமும் இப்பகுதியிலேயே இருப்பதால், ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தைப் பார்த்த பிறகே ட்ரோனை எழுப்ப வேண்டும். பறவைகள் கூடு கட்டியிருக்கும் கண்மாயின் மேல், விதி இடம் கொடுத்தாலும் பறக்கவிடக் கூடாது. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டவர்கள். அவர்கள் தலைக்கு மேல் விசிறி இரைச்சலோடு ஒரு பொறியை அனுப்புவது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று சொல்லத் தேவையில்லை.

ஆறாம் படி: ஊராரிடம் கேட்டல்

மடையைத் திறந்து மூடி, வயல்வரிசைப்படி நீரைப் பங்கிடும் பொறுப்பாளரை நீர்ப்பாய்ச்சி, மடையர், நீர்க்கட்டி, நீராணிக்காரர் என ஊருக்கொரு பெயரால் அழைப்பார்கள். அவருக்கு அறுவடையில் நெல்லாகக் கூலி அளப்பது வழக்கம். எந்த வயல் மேடு, எது தாழ்வு, ஓரடி நீரில் எத்தனை வயல் நனையும் என்பதை அவரைப் போல் அறிந்தவர் ஊரில் இல்லை. முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும். இந்தப் பொறுப்பு பல ஊர்களில் பட்டியல் சாதிக் குடும்பங்களிடம் வழிவழியாக இருந்து வருகிறது. அவர்களில் பலருக்கு அந்த ஆயக்கட்டில் சொந்த வயல் இருப்பதில்லை. கண்மாயின் பெருமையை எழுதி, நீரைக் காத்தவரை ‘ஒரு முதியவர்’ என்று மட்டும் படத்தின் கீழ்க் குறிப்பிட்டுவிட்டுப் போகும் கட்டுரை பாதிக் கட்டுரைதான். அவர் சம்மதித்தால் அவர் செய்யும் வேலையோடு அவர் பெயரையும் எழுத வேண்டும்.

கேள்விகள் ஊரார் பேசும் முறையில் அமைய வேண்டும். ‘இந்தக் கண்மாயின் வரலாறு என்ன?’ என்று கேட்டால், ‘ராசா காலத்துல வெட்டுனது’ என்ற ஒற்றை வரி கிடைக்கும். ‘ஐயா, கடைசியா எந்த வருசம் கலிங்கு பாஞ்சுச்சு? அன்னிக்கு மறுகால் தண்ணி எது வரைக்கும் போச்சு?’ என்று கேட்டால் பேச்சு நீளும். ஆண்டு நினைவில்லாதவரிடம் பெருநிகழ்ச்சிகளைச் சொல்லிக் கேட்கலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இராமநாதபுரத்து முதியவர்களுக்கு நல்ல அடையாளம். அந்தப் புயலுக்கு முன்பா பின்பா என்றால் உடனே சொல்வார்கள். களை எடுக்கும் பெண்களிடமும், உள்வாயில் ஆடு மேய்ப்பவரிடமும், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுபவரிடமும் கேட்க வேண்டும். அந்த மரம் கண்மாயைக் கெடுக்கிறது என்று எழுதுவது எளிது; அந்தக் கரியில் எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதினால்தான் அந்த நிலத்தைப் பதிவு செய்ததாகும்.

ஒலிப்பதிவு செய்யும் முன்பும் முகத்தைப் படமெடுக்கும் முன்பும் சம்மதம் கேட்க வேண்டும். கண்மாய்த் துறையில் குளிப்போரைத் தொலைவிலிருந்தும் எடுக்கக் கூடாது. கரையில் அய்யனார் கோயில் இருந்தால், எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதைப் பூசாரியிடம் முதலிலேயே கேட்டுவிடுவது மரியாதை.

ஏழாம் படி: குறிப்பும் கோப்பும்

இது சலிப்பூட்டும் வேலை; அன்றன்றே செய்தால் அரைமணி நேரத்தில் முடியும். கோப்பின் பெயரில் ஊர், உறுப்பு, நாள், கேமரா பார்த்த திசை ஆகிய நான்கும் இருக்கட்டும். அசல் கோப்புகளை மூன்று படிகளாக, இரண்டு வகைச் சேமிப்பில், ஒரு படி வேறு ஊரில் இருக்கும்படி வைக்க வேண்டும். படக்குறிப்பில் காட்சியை வருணிக்க வேண்டாம்; படம் அதைச் செய்துவிடும். ‘மாலையில் மின்னும் பழமையான மடை’ என்பதைவிட, ‘கிழக்கு மடையின் குமிழித்தூம்பு, உள்வாயிலிருந்து கரையை நோக்கி, இடத்தூண் சாய்ந்துள்ளது, மேல்துளையில் அடைப்பு இல்லை, 2019-க்குப் பின் பயன்பாட்டில் இல்லை என்று நீர்ப்பாய்ச்சி கூறினார்’ என்பது போன்ற குறிப்பே பயன்படும்.

எட்டாம் படி: கட்டுரை எழுதுதல்

ஒரு கட்டுரைக்கு ஓர் உறுப்பு போதும். வரத்துக்காலுக்கு ஒன்று, மடைக்கு ஒன்று, கலிங்குக்கு ஒன்று, கடைமடை வயலுக்கு ஒன்று என்று எழுதினால் தொடர் தானாக உருவாகும். சங்க காலத்தில் தொடங்கிக் குடிமராமத்துத் திட்டம் வரை ஒரே கட்டுரையில் ஓடுபவர்கள் எந்தக் கண்மாயைப் பற்றியும் எழுதுவதில்லை. எல்லாக் கண்மாய்களுக்கும் பொருந்தும் பொதுவுரையைத்தான் எழுதுகிறார்கள்.

பழமையைச் சொல்வதில் மிகுந்த கண்டிப்பு வேண்டும். மடைத்தூணில் ஒரு பாண்டிய மன்னனின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருந்தால், அது அந்த மடையை அமைத்த அல்லது புதுப்பித்த காலத்தைச் சொல்லும்; கண்மாய் அதற்கு முன்பே இருந்திருக்கலாம். இடிந்த கட்டடத்தின் கல் மடைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தால் எழுத்தின் காலம் மடைக்கு உரியதே அன்று. எழுத்து தலைகீழாகவோ வரி நடுவில் வெட்டுப்பட்டோ இருந்தால் அந்த ஐயம் வலுக்கும். பார்வைக்குப் பழையதாகத் தோன்றும் கால்வாயும் ஏமாற்றலாம். 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு மலைக்கு அப்பால் இருந்த நீர் வைகைக்குத் திருப்பப்பட்டபின் மேலூர் வட்டாரத்தில் புதுக் கால்வாய்கள் வந்தன. 1959-இல் வைகை அணை வந்தபின் விரகனூர், பார்த்திபனூர் மதகணைகள் வழியே கீழே செல்லும் நீரின் காலமும் அளவும் மாறின. ஒரு நிலக்காட்சியில் பல காலங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்பதைக் கட்டுரை சொல்ல வேண்டும்.

எனவே ஒவ்வொரு கூற்றும் எதை நம்பிச் சொல்லப்படுகிறது என்பது வாக்கியத்திலேயே தெரியட்டும்: கல்வெட்டு சொல்கிறது, பதிவேட்டில் இருக்கிறது, வரைபடத்தில் காண்கிறது, ஊரார் சொல்கிறார்கள். இந்த நான்கும் ஒரே எடை உடையவை அல்ல. ஊர் வழக்கைத் தள்ளிவிடவும் வேண்டாம். அதை ஊர் வழக்காகவே எழுதினால் போதும்.

முன்னோர் நீர் மேலாண்மையில் வல்லவர்கள் என்று புகழ்ந்து நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் கட்டுரையைக் கெடுக்கும். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்ததைச் சொல்கின்றன. அதே கல்வெட்டுகள் யார் தேர்வுக்கே தகுதியற்றவர் என்பதையும், நிலமும் வேதப் பயிற்சியும் தகுதியாக இருந்ததையும் சொல்கின்றன. ஊர் கூடிச் செய்த மராமத்து என்று நாம் பெருமையோடு நினைக்கும் உழைப்பை 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டத்தால் வாங்க முனைந்தது. கூட்டு உழைப்புக்கும் கட்டாய உழைப்புக்கும் நடுவில் கோடு எங்கே இருந்தது, மண் சுமந்தவர் யார், நீர் முதலில் யாருக்குப் போனது என்று கேட்கும் கட்டுரையே இந்த நிலத்துக்குத் தகுதியானது.

ஒன்பதாம் படி: வெளியிடுவதும் விடுவதும்

எல்லாவற்றையும் வெளியிட வேண்டியதில்லை. பாதுகாப்பில்லாத பழஞ்சிலைகள், அரிய பறவைகளின் கூடுகள் ஆகியவற்றின் இடக்குறிப்பைப் படக்கோப்பிலிருந்து நீக்கிவிட்டே பொதுவெளியில் போட வேண்டும். ஆக்கிரமிப்பைக் காட்டும் படத்தில் புல எண்ணும் அளவும் போதும். தனியார் பெயரும் வீட்டு முகப்பும் வேண்டாம்.

பதிவு எப்போது யாருக்குப் பயன்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி, குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த குகைத்தளமும் குடைவரைக் கோயிலும் கொண்ட ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அந்த வட்டாரத்தை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் எதிர்க்கப்பட்டபோது, அந்தத் தகுதியும், அங்குள்ள நீர்நிலைகள், பறவைகள், தொல்லிடங்கள் பற்றி முன்பே திரண்டிருந்த விவரங்களும் வாதங்களில் இடம்பெற்றன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. பறவைகளையும் எழுத்துகளையும் முன்பு படமெடுத்தவர்களுக்குச் சுரங்கத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது.

படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் திறந்த உரிமத்தில் ஏற்றினால் நீண்ட காலம் தேடிக் கண்டெடுக்கத் தக்கதாக இருக்கும். ஆனால் முகம் தெரியும் படங்களை ஏற்றும் முன், எவரும் எதற்கும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதை அந்த மனிதருக்கு விளக்கிச் சொல்லி மீண்டும் சம்மதம் பெற வேண்டும். ஊருக்கென ஒரு படியைத் தாளில் தர வேண்டும். கண்மாய்த் தொடரின் கையால் வரைந்த வரைபடம், மடைகளின் பெயர்ப் பட்டியல், நிலைப்புள்ளிப் படங்கள் ஆகியவற்றை அச்சிட்டுக் கட்டி, ஊராட்சி அலுவலகத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, நீர்ப்பாய்ச்சியின் வீட்டுக்கு ஒன்று என்று கொடுக்கலாம். கொடுக்கும்போது ஓரங்களில் எழுத இடம் விட்டுக் கொடுங்கள். பெயர் தவறு, மடையின் வரிசை தவறு, வாய்க்கால் போகும் திசை தவறு என்று பேனாவால் திருத்தித் தருவார்கள். அந்தத் திருத்தங்களோடு திரும்பி வரும் படிதான் அடுத்த ஆண்டு நடைக்குக் கையில் இருக்க வேண்டியது.